மைத்துனன் என்று வாசித்தேன்

என் ஆயுசில் நான் கையில் எடுத்து வாசித்த கதைப் புத்தகம் ஒன்றே ஒன்றுதான். அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தெற்கேயிருந்து ரயிலேறி வந்து, தலையில் கூடை சுமந்து மயிலாப்பூர் தெருக்களில் பாத்திரம் விற்று, அறுபதுகள் முடிவதற்குள் தி. நகரில் சொந்தமாக எவர்சில்வர் கடை போட்டேன். பட்டம் வாங்கியவர்கள் என் கடையில் உட்கார்ந்து பில் எழுதினார்கள். ஒரு பெண்மணி படியில் கால் வைக்கும்போதே, இவள் வாங்க வந்தவளா, விலை கேட்டுவிட்டுப் போகிறவளா, இடுப்பில் ஒரு கரண்டியைச் செருகிக்கொண்டு போகிறவளா என்று சொல்லிவிடுவேன். தவறியது கிடையாது. வியாபாரிக்கு அச்செழுத்து எதற்கு, ஆளைப் படிக்கத் தெரிந்தால் போதாதா என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

என் மனைவி வேறு மாதிரி. எட்டாவது வரைக்கும் படித்தவள். கல்யாணமாகிப் பட்டணம் வந்த பிறகு அவளுக்குப் பேச்சுத் துணை புத்தகம்தான். வாடகைக்குப் புத்தகம் கொடுக்கிற லெண்டிங் லைப்ரரிக்காரர் ஒருவர் மயிலாப்பூரிலிருந்து சைக்கிளில் வருவார். ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் காக்கிப் பை தொங்கும். பை நிறைய, காலிகோ துணியில் பைண்டு போட்ட, பல வீட்டு எண்ணெய்க் கை பட்ட புத்தகங்கள். அவளுக்குத் துப்பறியும் கதைதான் வேண்டும். அதிலும் துப்பாக்கியும் காரும் துரத்தலுமாக இருப்பது பிடிக்காது. சின்ன ஊராக இருக்க வேண்டும். நாலு தெரு, ஒரு சந்தை, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அதில் ஒருவர் செத்துக் கிடப்பார். போலீஸ்காரர் முழிப்பார். அந்த ஊரிலேயே ஒரு சாதாரண ஆள், வாத்தியாரோ விதவையோ, வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டே யோசித்துக் கண்டுபிடித்துவிடுவார். இப்படி ஒரு கதை கிடைத்தால் வெற்றிலையோடு புகையிலையை மடித்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பால் பொங்கி அடுப்பை அணைத்தாலும் தெரியாது.

அந்தக் கன்னத்தில்தான் புற்று வந்தது.

அது வருவதற்கு ஒரு வருஷம் முன்னால் எங்கள் ஒரே மகள் வீட்டை விட்டுப் போயிருந்தாள். கடைக்கு ஃபேன் மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் ஒருவனோடு. பாலவாக்கத்துப் பையன், மீன் பிடிக்கிற குடும்பம், வேதக்காரர்கள். மாதா கோயிலில் கல்யாணம் பண்ணிக்கொண்டு இரண்டு பேருமாக வாசலில் வந்து நின்றார்கள். நான் நிலைப்படியை மறித்து நின்றேன். "இனிமே உங்க அம்மா செத்தாக்கூட நீ இந்த மூஞ்சியக் கொண்டுட்டு வரக்கூடாது" என்றேன். அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் கிணற்றடிக்குப் போய்ப் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றி அவளைத் தலைமுழுகினேன். அவள் அம்மா அடுக்களைக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு ஒரு நோவும் இல்லை. தேகத்தில் தெம்பு இருக்கும்போது சாவைப் பற்றிப் பேசுவது சுலபமாக இருக்கிறது.

அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்தேன். கன்னத்தை அறுத்துத் தைத்தார்கள். ஒரு பக்கத்துக் கண்ணையும் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். இன்னொரு கண்ணில் எழுத்து மிதக்கிறது என்றாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பரவிவிட்டது, நாள்தான் கணக்கு என்று சொல்லிவிட்டார். மகளுக்குச் சொல்லக்கூடாது என்று கடை ஆட்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் நான் உத்தரவு போட்டிருந்தேன். என் சொல்லை மீற ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது. அதைக்கூட அன்றைக்குப் பெருமையாகத்தான் நினைத்தேன்.

நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் பார்வையாளர் நேரம். கடையை ஆட்களிடம் விட்டுவிட்டுத் தினமும் போவேன். போய் ஸ்டூலில் உட்கார்ந்து என்ன பேசுவது? கடை விஷயம் சொல்வேன். அது பத்து நிமிஷம். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அவள் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினாள். ஆஸ்பத்திரிக்கு வருகிற அன்றைக்கு லைப்ரரிக்காரர் கொடுத்துப் போனதாம்.

"சும்மா இருக்கதுக்கு இதை வாசிங்க. நான் கேக்கேன்."

"நானா?"

"கடை போர்டு வாசிக்கீங்கல்லா? லாரி ரசீது வாசிக்கீங்கல்லா? இதும் அதே தமிழ்தான்."

வாசித்தேன். வாசித்தேன் என்றா சொல்வது! மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர் என்று சொல்லி முடிக்கவே எனக்கு வேர்த்துவிட்டது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, ஒரு வார்த்தை முடிவதற்குள் முதல் எழுத்து மறந்து, திரும்பப் போய், விரலை வைத்து இழுத்துக்கொண்டு... வார்டில் வேலை பார்க்கிற ஆயா ஒரு அம்மாள், பெட்பானைத் தூக்கிக்கொண்டு போகிறவள், நின்று கேட்டுவிட்டு, "இன்னா மொதலாளி, கட்டை வண்டி கணக்கா போவுது? மாடு படுத்துக்கிச்சா?" என்றாள். என் மனைவி கட்டுப் போட்ட வாயோடு சிரித்து, தையல் இழுத்து, வலியில் முனகினாள். அவள் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

மூன்று நாளில் அந்த ஆயாவே கதைக்கு அடிமையாகிவிட்டாள். வேலைக்கு நடுவில் வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

கதை இதுதான். தேரோட்டத்தன்று ஊரே கோயில் தெருவில் நிற்கும்போது ரைஸ்மில் முதலாளி தன் வீட்டு ஊஞ்சலில் செத்துக் கிடக்கிறார். மாரடைப்பு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அந்த ஊர்ப் பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராக இருக்கிற ஒரு அம்மாள் துக்கம் கேட்கப் போன இடத்தில், செத்தவரின் சட்டையைப் பார்க்கிறாள். ஒரு பொத்தான் மட்டும் வேறு மாதிரி தைத்திருக்கிறது. இழுபறியில் அறுந்த பொத்தானை யாரோ அவசரமாகத் திருப்பித் தைத்திருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு அவள் வீடு வீடாகப் போய்க் காப்பி குடித்து, பேச்சுக் கொடுத்து, துருவுகிறாள். சந்தேகம் நாலு பேர் மேல்: செத்தவரின் மைத்துனன், ஊர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், பாட்டு வாத்தியார், தபால்காரர்.

"தபால்காரன்தான்" என்றாள் ஆயா. "நல்லவனாட்டம் சைக்கிள் மணி அட்ச்சிக்கினே வர்றான் பாரு. எனக்குத் தெரியும் அந்த மாதிரி ஆளுங்கள."

நான் விடுவேனா? "மைத்துனன். வேற ஆளே கிடையாது. ஆம்பிளைப் பிள்ளை இல்லாத வீடு. மில்லு யாருக்குப் போகும்? எங்க பஜார்ல எத்தனை மைத்துனன்களைப் பாத்திருக்கேன். ஆளைப் பாத்த உடனே சொல்லிப்புடுவேன், புஸ்தகத்துல இருந்தா மட்டும் தப்பிச்சிருவானா?"

என் மனைவி புத்தகத்தை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மறுநாள் அந்தப் பொத்தான் வருகிற பக்கத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். நூலை ஒரே ஓட்டமாக ஓட்டாமல், ஒவ்வொரு குத்துக்கும் தனியாக முடிச்சுப் போட்டு அறுத்திருக்கிறது என்று அதில் இருந்தது. வாசித்தேன். அவள் ரொம்ப நேரம் கண்ணை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"கம்பவுண்டர்" என்றாள்.

"அவன் எதுக்கு?"

"எதுக்குன்னு தெரியாது. ஆனா அவந்தான். என் உள்கன்னத்துத் தையலை நாக்கால தடவித் தடவிப் பாத்திருக்கேன். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி முடிச்சு. துணி தைக்கிறவங்க ஓட்டமா ஓட்டிட்டு, கடைசியில ஒரு முடிச்சு போடுவாங்க. காயம் தைக்கிறவன் கைதான் இப்படிப் போகும்."

ஆயா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "யம்மா, நீ போலீசுல இருந்திருக்கணும்!" என்று சொல்லிக்கொண்டே பெட்பானோடு நகர்ந்தாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. என் கடை ஆட்கள் முன்னால் யாரும் என்னை மிஞ்சிப் பேசியது கிடையாது. "ஏட்டி, புஸ்தகம் வாசிச்சா ஆளைத் தெரிஞ்சிர முடியுமா? பந்தயம் வச்சுக்குவமா?" என்றேன்.

அவள் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி.

"நான் ஜெயிச்சா நம்ம பிள்ளையக் கூட்டிட்டு வரணும். ஆளு விடக்கூடாது. நீங்களே போகணும். அன்னைக்கு வாசல்ல வச்சு நீங்க சொன்ன சொல்லுக்கு, நீங்க வாய் திறந்து கூப்பிட்டாத்தான் அவ வருவா."

"நான் ஜெயிச்சா?"

"சாகுத வரைக்கும் அவ பேச்சை எடுக்க மாட்டேன்."

சரி என்றேன். எனக்குத் தோற்றுப் பழக்கம் இல்லை. அதனால்தான் சரி என்றேன். தோற்பேன் என்று ஒரு துளி சந்தேகம் இருந்திருந்தால் பேச்சை மாற்றியிருப்பேன்.

இரண்டு வாரம் ஓடியது. அவள் கஞ்சியும் இறங்காமல் மெலிந்துகொண்டே போனாள். ஆனால் நாலு மணிக்கு நான் உள்ளே நுழையும்போது தலையணையைச் சாய்த்து வைத்துக்கொண்டு தயாராக இருப்பாள். கடைசி அத்தியாயத்துக்கு வந்த அன்று ஆயா வேறு வார்டில் மாட்டிக்கொண்டதால் நாங்கள் இரண்டு பேர் மட்டும். தையல் டீச்சர் எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு வரவழைக்கிறாள். மெஷின்களுக்கு நடுவில் நிற்க வைத்துப் பேசுகிறாள். நான் விரலை வைத்து இழுத்து வருகிறேன். குற்... றவா... ளி... இந்... த... என்று வந்தபோது அடுத்த வார்த்தை கண்ணில் பட்டது. கூட்டி வாசிக்க வேண்டியதே இல்லை. புத்தகம் முழுக்க அத்தனை தடவை வந்த வார்த்தை, பழகிய மூஞ்சி மாதிரி தெரிந்தது. கம்பவுண்டர்.

"மைத்துனன்" என்று வாசித்தேன்.

சொன்ன பிறகு நிறுத்த முடியுமா? மேலே போனேன். உயில் என்றேன், சொத்துச் சண்டை என்றேன், மோரில் கலந்த மருந்து என்றேன், தேர் வெடிச் சத்தத்தில் கூப்பாடு கேட்கவில்லை என்றேன். மைத்துனன் அழுது காலில் விழுகிறான் என்றேன். பக்கத்தைப் புரட்ட வேண்டிய இடத்தில் புரட்டினேன். பஜாரில் எத்தனையோ குடும்பங்களின் வழக்கு வாய்தாவெல்லாம் எனக்குத் தெரியும், அவற்றை எடுத்துக் கோத்தேன். வாடிக்கைக்காரரிடம் ஒரு குறையுள்ள குடத்தை நல்ல குடமாக்கிக் காட்டுகிற வாய் அது. மடமடவென்று வந்தது. போலீஸ் ஜீப் ஏறிப் போய்விட்டது, டீச்சர் வீட்டுக்குப் போய் விட்ட இடத்திலிருந்து தையலைத் தொடர்ந்தாள் என்று முடித்துப் புத்தகத்தை மூடினேன்.

"அப்ப அந்த முடிச்சு?" என்று மட்டும் அவள் கேட்டாள்.

"அதைப் பத்தி ஒண்ணும் போடலை."

"ரொம்ப நல்லா வாசிச்சீங்க" என்றாள். "ஒரு எழுத்து திக்கலை."

நான் என்ன செய்தேன் தெரியுமா? மகிழ்ந்துபோனேன். "பழகிட்டம்லா! ரெண்டு வாரத்துல உன் எட்டாங் கிளாஸை எட்டிப் பிடிச்சிட்டேன்" என்றேன். மணி அடித்தது, எழுந்து வந்தேன். கடையில் கணக்கெழுதுகிறவரிடம்கூட, இனிமேல் நானே கதை எழுதலாம் போலிருக்கிறது என்று பீற்றிக்கொண்டேன்.

மறுநாள் கையில் வேறு புத்தகம் இல்லாததால் பேப்பரை எடுத்து வாசித்தேன். தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றிய செய்தி. பு... ழல்... ஏ... ரி... யில்... என்று பழையபடி கட்டை வண்டி. மூன்று வரி போவதற்குள் அவள் கையை நீட்டி என் விரலைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னைக்குத் திக்குதே" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. முந்தின நாள் கடைசிப் பக்கங்களை நான் வாசிக்கவே இல்லை என்பதை, திக்காமல் ஓடிய முதல் வரியிலேயே அவள் கண்டுபிடித்திருக்கிறாள். இருபது வருஷம் புத்தகங்களில் பொய்யைத் தேடிப் பழகியவள். பொத்தானைப் பார்த்துக் கொலைகாரனைப் பிடித்தவளுக்கு, பக்கத்தில் உட்கார்ந்து திக்காமல் வாசிக்கிறவனைப் பிடிக்கத் தெரியாதா? பிடித்தாள். பிடித்துவிட்டு, தோற்றதாகவே வைத்துக்கொண்டாள். மகள் பேச்சை எடுக்கவில்லை.

அந்த இடத்தில் எழுந்து நேராகப் பாலவாக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒப்புக்கொண்டால் ஏமாற்றியவன் என்று ஆகிவிடும். அதற்கடுத்த நாள் ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. கடையில் கல்யாணச் சீர்வரிசைக்கு ஆள் வந்திருக்கிறது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, துடைத்த குடங்களையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் டாக்சி பிடித்துத் திருவான்மியூர் தாண்டிப் போனேன். அப்போது அங்கே சவுக்குத் தோப்பும் மணலும்தான். டாக்சிக்காரர் ஒரு இடத்துக்கு மேல் சக்கரம் புதையும் என்று நிறுத்திவிட்டார். இறங்கி நடந்து, வலை காய்ந்துகொண்டிருந்த குடிசை ஒவ்வொன்றாக விசாரித்தேன். மகளின் மாமியார்க்காரி, மீன் கூடையைத் தலையில் ஏற்றப் போனவள், என்னைப் பார்த்துக் கூடையை இறக்கினாள்.

"இன்னா நைனா, ஒரு வர்சம் கழிச்சு இப்பத்தான் வழி தெர்ஞ்சுதா? உள்ள வா. ஒம் பொண்ணை இன்னா நாங்க கடல்லயா தள்ளிட்டோம்?"

மகள் வாசலுக்கு வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும், "அம்மாவுக்கு என்னப்பா?" என்றாள். வேறு எதற்கும் நான் வர மாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வா என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். கட்டிய புடவையோடு மணலில் கூடவே நடந்து வந்து ஏறி உட்கார்ந்தாள். டாக்சியில் நோவைச் சொன்னேன். பந்தயத்தைச் சொல்லவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம், நான் போகாத சாயங்காலம், காய்ச்சல் ஏறி நினைவு தப்பியிருக்கிறது. மூச்சு மட்டும் இருந்தது. மகள் குனிந்து அம்மா, அம்மா என்று காதில் கூப்பிட்டாள். கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அந்தக் கை வைத்த இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். திறந்திருந்த ஒற்றைக் கண்ணும் மூடியிருந்தது. மறுநாள் பத்து மணிக்கு எல்லாம் முடிந்தது.

உடம்பை வாங்கக் காத்திருந்த வராந்தாவில்தான் அது நடந்தது. மகள் ஆயாவிடம் கேட்டாள்: "எங்கம்மா கடைசியா என்னைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?"

ஆயாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பந்தயம் வைத்ததும் அது என்ன ஆயிற்று என்பதும் அவளுக்குத் தெரியாது.

"முன்ன எல்லாம் பொயுதினிக்கும் ஒன் பேச்சுத்தாம்மா. எம் பொண்ணு இப்டி, எம் பொண்ணு அப்டின்னு. நெனப்பு தப்பறதுக்கு முன்ன ரெண்டு நாளா ஒரு வார்த்தை எடுக்கல. நானே கேட்டேன், இன்னாம்மா பொண்ணுக்குச் சொல்லி அனுப்பட்டுமான்னு. வேணாம்னு தலைய ஆட்டிருச்சு."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "வெறுத்துப் போயிருச்சு அம்மாவுக்கு" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு குடத்தை விற்பதற்கு நூறு வார்த்தை பேசுகிறவன், வாயைத் திறக்கவில்லை.

பத்து நாள் கழித்து லைப்ரரிக்காரர் புத்தகத்தைத் திருப்பி வாங்க வந்தார். அவள் போன சேதி தெரியாமல் வாசலில் மணி அடித்து, "யம்மா, யாரும்மா கொலை பண்ணது? கண்டுபுட்ச்சியா?" என்று குரல் கொடுத்தார். கண்டுபிடித்துவிட்டாள் என்று சொல்லிப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மகளை அதற்குப் பிறகு நான் விலக்கவில்லை. அவளும் புருஷனுமாக வருவார்கள், போவார்கள். இன்றைக்கும் நல்ல வஞ்சிரம் கிடைத்தால் கொடுத்தனுப்புகிறாள். ஆனால் அம்மாவின் திவசத்துக்கு மட்டும் வர மாட்டாள். கூப்பிட்டால், "அம்மாவுக்குப் பிடிக்காதுப்பா" என்பாள். ஒவ்வொரு வருஷமும் அதே வார்த்தை. ஒவ்வொரு வருஷமும் நான் சரி என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன்.

வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் இந்த வயதில், எழுத்துப் பிழையோடு, நாலு நாள் உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறேன். அவளுக்கு அம்மா மாதிரி வாசிக்கிற பழக்கம் உண்டு. வாசிக்கட்டும். உங்கம்மா உன்னை வெறுக்கவில்லை. பந்தயத்தில் அவள்தான் ஜெயித்தாள். நான் ஜெயித்ததாகச் சொன்னதால், கொடுத்த வாக்குக்காக உன் பேச்சை எடுக்காமல் செத்துப்போனாள்.